மேடை நின்றுபோன பிறகும் நான் டான்ஸர்தானா?

சிறுவயதிலேயே நடனம் கற்கத் தொடங்கியவர் நீங்கள். கல்லூரி முடியும்வரை மேடை ஏறியிருக்கிறீர்கள். இப்போது முழுநேர வேலை, வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்குப் போக முடிந்தாலே பெரிது. ‘நடனம் ஒருவருடைய குணத்தையும் அன்றாட வாழ்க்கையையும் நிஜமாகவே மாற்றுகிறதா, இல்லை ஆடுகிறவர்கள் பெருமைக்குச் சொல்லிக்கொள்வதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, புதிதாக ஒருவரைச் சந்திக்கும்போது ‘நான் டான்ஸர்’ என்று சொல்ல வாய் வரவில்லை என்றும், சொல்லாமல் விட்டால் எதையோ மறைத்ததுபோல் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். மேடை இல்லாதபோது உங்களிடம் மிஞ்சியிருப்பது என்ன, அந்தப் பெயரைத் தாங்க அது போதுமா? நான் பரதநாட்டியம் பயின்று, ஆடி, பல ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்து வருகிறவள். மருத்துவரோ மனநல நிபுணரோ அல்ல. ஆய்வாளர்கள் அளந்து சொன்னது எது, வகுப்பறையில் நான் பார்த்துத் தெரிந்துகொண்டது எது என்பதைக் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்கலாம். ஆண்டுக்கணக்கில் ஆடியவர், அசைவை மற்றவர்கள் பார்ப்பதுபோல் பார்ப்பதில்லை. 2005இல் லண்டனில் பேயட்ரிஸ் கால்வோ-மெரினோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஐரோப்பிய மேடை நடனமான பாலே ஆடுகிறவர்கள், தற்காப்புக் கலையும் நடனமும் கலந்த பிரேசிலின் கப்புவேரா ஆடுகிறவர்கள், இரண்டும் தெரியாதவர்கள் என மூன்று குழுவினரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, இரண்டு வகை அசைவுகளின் காணொளிகளையும் காட்டினார்கள். தாம் பயின்ற அசைவு திரையில் வந்தபோது ஆடுகிறவர்களின் மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் கூடுதலாக இயங்கின. மற்றவர்களின் அசைவுக்கு அந்த அளவு இயங்கவில்லை. ‘பார்த்துப் பார்த்துப் பழகியதால் இருக்கும்’ என்று தோன்றலாம். அதையும் அடுத்த ஆண்டே சோதித்தார்கள். பாலேயில் ஆண்கள் மட்டும் செய்யும் அசைவுகள் சில உண்டு, பெண்கள் மட்டும் செய்பவை சில உண்டு. ஒரே வகுப்பில் நிற்பதால் இரு தரப்பும் எல்லாவற்றையும் நாள்தோறும் பார்க்கிறார்கள். ஆனாலும் அவரவர் ஆடிய அசைவுக்குத்தான் மூளை அதிகமாக எதிர்வினை காட்டியது. கண்ணுக்குப் பழகியது வேறு, உடம்பில் ஏறியது வேறு என்று நம் ஆசிரியர்கள் சொல்லிவந்ததற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை. நீங்கள் மேடையை விட்டு விலகினாலும், யாராவது ஆடுவதைப் பார்க்கும்போது உங்கள் தொடைத்தசை தானாக இறுகுகிறது என்றால் அது கற்பனை அல்ல.

இன்னோர் ஆய்வையும் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். 2013இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 29 பாலே பெண்களையும் 20 துடுப்புப் படகு வீராங்கனைகளையும் இருட்டறையில் சுழல்நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிவிட்டு நிறுத்தினார்கள். நாற்காலி நின்ற பிறகும் சுற்றுவதுபோல் தோன்றும் உணர்வு பாலே ஆடுகிறவர்களுக்குச் சீக்கிரம் அடங்கியது. உள்காதிலிருந்து வரும் சமநிலைச் சேதியைக் கையாளும் சிறுமூளைப் பகுதியும் அவர்களுக்குச் சற்றுச் சிறிதாக இருந்தது. சுழலும்போது ஒரு புள்ளியைப் பார்வையால் பிடித்துக்கொள்ளும் உத்தி இருட்டில் உதவாது. எனவே இது வெறும் உத்தி அல்ல என்பது தெளிவு. ஆனால் பயிற்சி மூளையை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள் பாலேயில் நிலைத்தார்களா என்பதை ஒருமுறை எடுத்த இந்த அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ‘நடனம் மூளையை மாற்றும்’ என்று தலைப்புப் போட்ட செய்தியைப் படிக்கும்போது இந்தச் சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். ஆடுகிறவர் வரிசையில் நிற்கும்போது, தேநீர் கொதிக்கும்வரை காத்திருக்கும்போது, கூட்டத்தில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது கைவிரல்கள் சின்னச்சின்னதாக அசைந்துகொண்டிருக்கும். முழு வேகத்தில் ஆடாமல் கையளவில், விரலளவில் போட்டுப் பார்ப்பதை இப்போது எல்லோரும் ‘மார்க் பண்ணுவது’ என்கிறோம். வெளியாருக்கு இது பதற்றம்போலத் தெரியும். உண்மையில் இது நினைவின் வேலை. 2013இல் எட்வர்ட் வார்பர்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் நடன மாணவர்களுக்கு இரண்டு நடனத் துண்டுகளைக் கற்பித்தார்கள். ஒன்றை முழு அளவில் ஆடிப் பழகச் சொன்னார்கள், மற்றதை மார்க் செய்து பழகச் சொன்னார்கள். கடைசியில் மார்க் செய்த துண்டுக்கே மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். கியூபாவின் பாலே கலைஞர் அலிசியா அலோன்ஸோவின் கதை இதற்கு இன்னும் பெரிய சாட்சி. இருபதை எட்டும் பருவத்திலேயே அவருக்கு விழித்திரை விலகியது. மாதக்கணக்கில் அசையாமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். அவர் படுக்கையிலேயே ‘ஜிசெல்’ என்ற பாலேயின் நாயகிப் பாத்திரம் முழுவதையும் விரல்களால் ஆடிப் பார்த்தார். 1943இல் நியூயார்க் மேடையில் அந்தப் பாத்திரத்தை ஏற்றுப் புகழ் பெற்றார். பிறகு பார்வை மிகவும் மங்கிய நிலையிலும் பல பத்தாண்டுகள் ஆடினார். படுக்கையில் கிடந்த அந்த மாதங்களில் அவர் டான்ஸரா இல்லையா என்று யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா?

என் வகுப்பில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, திருத்தம் வாங்கும் பழக்கம். ‘தோள் ஏறுகிறது’, ‘முட்டி உள்ளே விழுகிறது’, ‘கண் கையோடு போகவில்லை’ என்று ஒரு மணி நேரத்தில் எத்தனையோ குறைகளைக் கேட்டுக் கேட்டு, அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த நொடியே உடம்பால் பதில் சொல்லப் பழகுகிறோம். வகுப்பில் ஆசிரியர் யாரைத் திருத்துகிறாரோ அவர்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறார் என்றுதான் பொருள். கண்டுகொள்ளாமல் விட்டால்தான் பயம். இந்தப் பழக்கத்தோடு அலுவலகத்துக்குப் போகிறவர் மேலாளர் சொல்லும் குறையைக் கேட்டு இடிந்துபோவதில்லை. மறுநாளே சரிசெய்துவிட்டு நிற்பார். இது பெரிய சொத்து. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் தான் செய்வது சரியா என்றே தெரியாமல் தவிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சிறுவயது முதல் இன்னொருவர் கண்ணால் தன்னை அளந்து வந்தவருக்கு அந்தக் கண் இல்லாத அறையில் எப்படி நிற்பது என்று தெரிவதில்லை. திருமண வாழ்க்கையிலும் நட்பிலும் ‘நான் சரியாக இருக்கிறேனா?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். உங்கள் கேள்வியிலும் இதன் சாயல் தெரிகிறது. டான்ஸர் என்று சொல்லிக்கொள்ள யாரோ அனுமதி தர வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள்.

முகத்தையும் சொல்ல வேண்டும். அபிநயம் பயின்றவர்களின் முகம் மறைக்கத் தெரியாத முகம். சின்ன எரிச்சல்கூடப் புருவத்தில் ஏறிவிடும். வீட்டில் வாக்குவாதம் வந்தால் ‘இங்கே அபிநயம் பிடிக்காதே’ என்று ஒரு குரல் நிச்சயம் எழும். அழுதால் நடிக்கிறாள் என்பார்கள், அழாவிட்டால் கல்நெஞ்சம் என்பார்கள். பயிற்சி பெற்ற முகத்தில் வந்தாலும் அந்த உணர்ச்சி உண்மையானதே என்பதை உடனிருப்பவர்களுக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்களின் உடம்பைப் படிக்கும் பழக்கமும் இப்படித்தான். வாய் ‘சரி’ என்னும்போது தோள் ‘இல்லை’ என்பதை நாம் சட்டென்று கவனிக்கிறோம். கவனிப்பது பயிற்சியால் வந்தது. ஏன் ‘இல்லை’ என்கிறது என்று நாமே ஒரு காரணத்தைச் சேர்த்துக்கொள்வது வெறும் ஊகம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு உறவுகளைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

நிற்கும் விதத்தைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நிமிர்ந்த முதுகு நன்மை. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பியபடியே தெருவிலும் நடப்பது நன்மை அல்ல. அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டியது. அங்கே போதாததை முட்டியிலும் பாதத்திலும் ஈடுகட்டினால் தேய்வது முட்டிதான். ஆடும்போது திருப்புங்கள், நடக்கும்போது நேராக வையுங்கள்.

வலியைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நம் அடையாளம் நமக்குக் கெடுதல் செய்யும் இடம் இது. 1995இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் பாலே கலைஞர்களையும் ஆடாதவர்களையும் உறைநிலைக் குளிர்நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். ஆடுகிறவர்கள் அதிக நேரம் தாங்கினார்கள். இதை எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் வலி எப்படி இருந்தது என்று கேட்டபோது, அதன் கூர்மையை மற்றவர்களைவிட அதிகமாகவே உணர்ந்ததாக அவர்கள் சொன்னார்கள். ஆக, நமக்கு மரத்துப்போவதில்லை. துல்லியமாக உணர்ந்துகொண்டே பொறுத்துக்கொள்கிறோம். மேடையில் இதற்குக் கைதட்டல் கிடைக்கும். வாழ்க்கையில் இதன் விலை, மருத்துவரிடம் தாமதமாகப் போவது. கடின உழைப்புக்குப் பிறகு தசை முழுக்கப் பரவி, ஓரிரு நாளில் தணியும் வலி வேறு. ஒரே இடத்தில் குத்துவது, மூட்டு வீங்குவது, எலும்பைத் தொட்டால் வலிப்பது, இரவில் எழுப்புவது எல்லாம் வேறு. இந்த இரண்டாவது வகைக்கு என்னைப் போன்ற ஆசிரியரிடம் யோசனை கேட்காதீர்கள். விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போங்கள். ‘ஆடுகிறவளுக்கு வலி சகஜம்’ என்று பெருமையோடு சொல்லி நடனத்தையே இழந்தவர்கள் பலர்.

இதைவிட மௌனமாக நடப்பது உணவு விஷயம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு மதிப்பீடு, உண்ணுதல் சார்ந்த நோய்கள் வரும் அபாயம் நடனக் கலைஞர்களுக்கு மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு என்று கண்டது. அந்தத் தொகுப்பில் பாலே ஆடுகிறவர்களே மிகுதி என்பதால் எல்லா நடன வடிவங்களுக்கும் அதே அளவைப் பொருத்த முடியாது. ஆனால் கண்ணாடி முன்னால் வளர்ந்த எவருக்கும் இதன் நிழல் தெரியும். அதே 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு, உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாதபோது ஹார்மோன், எலும்பு, மனநிலை எல்லாமே பாதிக்கப்படும் நிலையைத் தனிப் பெயரிட்டு எச்சரித்தது. மாதவிடாய் நின்றுபோவது கடும் பயிற்சியின் அடையாளம் என்று எண்ணுகிற பெண்களுக்கு நான் உரக்கச் சொல்வேன்: அது எச்சரிக்கை, எலும்பு வலுவிழக்கும் வழி. கண்ணாடி இல்லாமலும் பயிற்சி செய்யுங்கள். கண்ணாடிக்கு முன் நின்றால் நம்மை நாமே வெளியிலிருந்து பார்க்கிறோம். திரையை இழுத்து மூடிவிட்டால்தான் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது தெரிய வரும்.

இப்போது சந்தேகத்துக்குரியவை. ‘நடனம் ஒழுக்கத்தைத் தரும், தன்னம்பிக்கையைத் தரும், நல்ல மனிதராக்கும்’ என்று விழாக்களில் பேசுகிறார்கள். ஒழுங்கில்லாத குழந்தைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள், ஒழுங்கானவர்கள் தொடர்கிறார்கள். பத்தாண்டு கழித்து மிஞ்சியவர்களைப் பார்த்துவிட்டு நடனம்தான் ஒழுங்கைத் தந்தது என்கிறோம். எது விதை, எது விளைச்சல் என்று பிரிப்பது கடினம். 2003இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வும் இப்படித்தான் மிகைப்படுத்தப்படுகிறது. 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், உடல்சார்ந்த பொழுதுபோக்குகளில் நடனம் மட்டுமே மறதிநோய் குறைவாக வருவதோடு தொடர்புள்ளதாகத் தெரிந்தது. நல்ல சேதிதான். ஆனால் நோய் உள்ளே தொடங்கியவர்கள் அதற்கு முன்பே நடனத்தை விட்டிருக்கவும் கூடும். தொடர்பு இருக்கிறது என்பதற்கு மேல் அந்த ஆய்வைக்கொண்டு வாதாட மாட்டேன். மாணவர்கள் பொய் சொல்வதையும், பொறாமைப்படுவதையும், மிகப் பெருந்தன்மையாக நடந்துகொள்வதையும் ஒரே வகுப்பில் பார்த்திருக்கிறேன். நடனம் குணத்தைத் தரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

அடையாளத்துக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் அரங்கேறினாள். இன்றும் பெரும்பாலோர் ஏறத்தாழ அதே வயதில்தான் தொடங்குகிறார்கள். அதாவது ‘நான் யார்?’ என்ற கேள்வி எழும் முன்பே பதில் வந்துவிடுகிறது. 1966இல் உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா அடையாள விஷயத்தில் இளைஞர்கள் இருக்கும் நிலைகளை நான்காகப் பிரித்தார். அவற்றுள் ஒன்று, வேறு எதையும் தேடிப் பார்க்காமலே ஒன்றில் உறுதியாக நின்றுவிடுவது. ஆடுகிற நம்மில் பலர் இந்த வகை. ஆடும்வரை இது பலம். காயமோ வேலையோ குழந்தையோ வந்து ஆட்டம் நிற்கும்போது காலடியில் ஒன்றும் இருக்காது. இது தனிமனிதப் பலவீனம் அல்ல என்பதற்கு நிறுவனங்களே சாட்சி. பாரிஸ் ஓபரா பாலேயில் 42 வயதில் ஓய்வு. ஆடுவதை நிறுத்துகிறவர்கள் அடுத்த தொழிலுக்கு மாற உதவுவதற்காகவே பிரிட்டனில் 1973இலேயே ஒரு நிதியம் தொடங்கினார்கள். அமெரிக்க நவீன நடனத்தின் முன்னோடி மார்த்தா கிரஹாம் எழுபதைத் தாண்டியும் ஆடினார். மேடையை விட்டபோது குடியிலும் கடும் மனச்சோர்விலும் விழுந்தார், மருத்துவமனையில் கிடந்தார், பிறகு எழுந்து வந்து தொண்ணூறுகளிலும் புதிய நடனங்களை அமைத்தார். அவ்வளவு பெரியவரே அப்படித் தடுமாறினார் என்றால், உங்களுக்கு வரும் வெறுமை விசித்திரமானதல்ல.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஜப்பானிய நடனக் கலைஞர் கஸுவோ ஓனோ. 1906இல் பிறந்தவர். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், அதுதான் சம்பளம். போரில் ஆண்டுகள் போயின. முதல் தனி நடன நிகழ்ச்சி 1949இல், நாற்பதைக் கடந்த பிறகு. அதன் பிறகும் நீண்ட காலம் வேலையும் நடனமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. இளமையில் தான் பார்த்து வியந்த ஒரு ஸ்பானிய நடனக் கலைஞரைப் போற்றி அவர் ஆடிய புகழ்பெற்ற தனிநடனம் 1977இல் அரங்கேறியபோது அவருக்கு வயது 71. கால்கள் ஓய்ந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கைகளால் ஆடினார். சம்பளப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருந்தது என்பதை வைத்து அவரை அளந்திருந்தால் உலகம் ஒரு பெரிய கலைஞரைத் தவறவிட்டிருக்கும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. ஆடுகிறவரின் அடையாளத்தில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று உடம்பிலும் கவனத்திலும் ஏறியது: தாளம், எடை, இடம், மற்றவர் அசைவைத் தன் தசையில் உணர்வது. இது மெதுவாகவே மங்கும், கொஞ்சம் பயிற்சியிலேயே திரும்பி வரும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிற பெரியவர்களிடம் இதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்; மூச்சும் முட்டியும் தகராறு செய்யும், தாளம் மட்டும் வந்த அன்றே நிற்கும். மற்றொன்று பார்க்கப்படுவதால் வந்தது: மேடை, பெயர், கைதட்டல், ஆசிரியரின் தலையசைப்பு. இது நின்றால் நின்றதுதான். நீங்கள் இழந்திருப்பது இந்த இரண்டாவதை. அதற்காகத் துக்கப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை ‘பொழுதுபோக்குக்கு இவ்வளவு அழுகையா’ என்று யாராவது மட்டம் தட்டினால் பொருட்படுத்தாதீர்கள். ஆனால் முதலாவதும் போய்விட்டதாக நீங்கள் எண்ணுவது சரியல்ல. யாராவது கேட்டால் உங்கள் வேலையையும் நடனத்தையும் இரண்டையுமே சொல்லுங்கள், ‘முன்பு ஆடினேன்’ என்று இறந்தகாலத்தில் தள்ளாமல். வாரம் ஒரு நாள் வகுப்பு அதற்குப் போதுமான உரிமை.

வெறுமை சில வாரங்களைத் தாண்டி நீடித்தால், தூக்கமோ பசியோ கெட்டால், நடனம் தவிர மற்றவற்றிலும் விருப்பம் அற்றுப்போனால், அது நடன ஆசிரியர் தீர்க்கும் விஷயம் அல்ல. மனநல ஆலோசகரைப் பாருங்கள். அப்படி இல்லையென்றால், நிகழ்ச்சி எதையும் குறிவைக்காமல் ஒரே ஒரு நடன உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முன்பு ஆடாததாக இருந்தால் நல்லது, பழையதோடு ஒப்பிட வேண்டியிருக்காது. வகுப்பில்லாத நாட்களில் பதினைந்து நிமிடம் மார்க் செய்தாலே போதும். முதல் ஒரு மாதம் அரைமண்டியில், அதாவது முட்டியை வெளிப்பக்கம் மடித்துப் பாதி தாழ்ந்து நிற்கும் நிலையில், பழைய ஆழத்துக்குப் போக வேண்டாம். தசை நினைவு வைத்திருக்கும் அளவுக்கு முட்டியின் தசைநார்கள் தயாராக இருக்காது, ஆழத்தை வாரம் வாரமாகக் கூட்டுங்கள். இடைவெளி எவ்வளவு என்பதை உங்கள் ஆசிரியரிடம் குறைக்காமல் சொல்லுங்கள்.